கண்ணுக்கு என்ன பவர்?

கண்ணாடி போட்ட ஒருவரைப் பார்த்தால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பவர்?" கேட்டதோடு நிற்க மாட்டார்கள். அதைக் கழற்றச் சொல்லித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடி, தலை சுத்துது சார்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். எட்டு வயதில் மைனஸ் கண்ணாடி போட்டவன் நான். இதுவரை எத்தனை பேர் மூக்கில் என் கண்ணாடி ஏறி இறங்கியிருக்கும் என்று கணக்கே இல்லை.

ஆனால் நாம் சொல்லும் மைனஸ் மூன்று, பிளஸ் இரண்டு எல்லாம் கண்ணாடியின் பவர். கண்ணின் பவர் அல்ல. சாதாரணக் கண்ணின் மொத்த பவர் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் 43 கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவுடையது. மீதி, உள்ளே இருக்கும் லென்ஸுடையது. கண்ணின் நீளம், அதாவது கார்னியாவிலிருந்து விழித்திரை வரை, சுமார் 23.5 மில்லிமீட்டர். இந்தப் பவரும் இந்த நீளமும் ஒத்துப்போனால் காட்சி விழித்திரையில் சரியாக விழும். ஒத்துப்போகாவிட்டால் மிச்சம் நிற்கும் தொகைதான் நம் கண்ணாடி. அலுவலகத்தில் வரவு செலவு டேலி ஆகாமல் நிற்கும் வித்தியாசத்தை ஒரு தனி வரியில் எழுதி வைப்போமே, அதைப் போல.

போன வருடம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கால் மணி நேரம், வெள்ளை வெளிச்சம், முடிந்துவிட்டது. அதற்கு முன் கண்ணை அளந்தார்களே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

டயாப்டர் என்ற சொல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கொடுத்தது. ஃபெர்டினான் மொனொயே என்ற கண் மருத்துவர் 1872-ல் இந்த அலகை முன்வைத்தார். அதற்கு முன் லென்ஸுகளை அவற்றின் குவியத் தொலைவை வைத்து அங்குலத்தில் எண்ணினார்கள். பாரீஸ் அங்குலம் 27 மில்லிமீட்டர் சொச்சம். ஆங்கிலேய அங்குலம் 25.4. ஒரே நம்பர் கண்ணாடி பாரீஸில் ஒன்று, லண்டனில் வேறொன்று. மேலும் இரண்டு லென்ஸுகளைச் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்கப் பின்னக் கணக்குப் போட வேண்டும். மொனொயே, தொலைவை மீட்டரில் எடுத்து அதைக் கவிழ்த்துப் போடு என்றார். ஒரு மீட்டரில் குவித்தால் 1 டயாப்டர், அரை மீட்டரில் குவித்தால் 2. இனிமேல் கூட்டல் கழித்தலே போதும். இப்படிப்பட்ட காரியத்தைச் செய்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஒரு ஃபாரத்தை ஒழுங்காக மாற்றியமைத்து ஊரையே நிம்மதியாக்குகிறவர்கள்.

அவருடைய பார்வைப் பலகையைப் புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். பத்து வரிகள், கடைசி வரி வரை படித்தால் 'தீ திஸியேம்', பத்துக்குப் பத்து. இங்கே சென்னையில் ஆறுக்கு ஆறு என்பார்கள். அந்தப் பலகையில் ஒரு குறும்பு உண்டு. மிகப் பெரிய எழுத்து வரியை விட்டுவிட்டு, இடது ஓரத்து எழுத்துகளைப் பெரியதிலிருந்து சிறியதை நோக்கிப் படித்தால் மொனொயே என்று வரும். வலது ஓரத்தில் ஃபெர்டினான். கண் தெரியாதவர்களுக்கான பலகையில், கண் நன்றாகத் தெரிந்தவன் மட்டும் முழுதாகக் கண்டுபிடிக்கக் கூடிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனிதர்.

பலகையில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். எழுத்து தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், பதில் உண்மையாக இருக்க வேண்டும். பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது நடந்தது இது. (பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அது சௌந்தரபாண்டியனார் பெயரால் வந்தது. ஊரிலிருந்து வந்த புதிதில் நான் சொந்த மண் என்று பாசத்தோடு போவேன்.) எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கடைப் பையன் சோதனைச் சட்டத்தில் லென்ஸுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா இருக்கா பாட்டி, முன்னாடி போட்டது நல்லா இருக்கா?" என்று கேட்கிறான்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குப்பா."

"எது ஜாஸ்தி தெளிவா இருக்கு?"

"நீ படிச்சவன். நீயே பாத்து எது நல்லதோ அதைப் போடு."

பையன் விழிக்கிறான். நம் ஊரில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் மனம் நோகக் கூடாது என்பது நல்ல பழக்கம். கண் பரிசோதனைக்கு மட்டும் அது ஆகாது.

பாட்டியின் வாயைக் கேட்காமல் பாட்டியின் கண்ணையே கேட்க ஒரு வழி உண்டு. அதுவும் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்ததுதான். கீன்யே என்று ஒரு ராணுவ டாக்டர். 1873-ல் லீல் நகரில், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தும் கண்ணாடியை மெல்ல அசைத்துப் பார்த்தபோது, கண்மணிக்குள் தெரியும் செந்நிற வெளிச்சமும் நிழலும் ஆளுக்கு ஆள் வேறு விதமாக நகர்வதைக் கவனித்தார். சிலருக்கு ஒளியோடு கூடவே போகிறது; சிலருக்கு எதிர்த்திசையில் போகிறது. அந்த வெளிச்சம் கார்னியாவிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அது விழித்திரையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம். ஆக, காரணம் தப்பு, கவனிப்பு சரி. சில ஆண்டுகளில் மற்றவர்கள் காரணத்தைத் திருத்தி, அசைவை அளவாக மாற்றினார்கள். கூடவே போனால் பிளஸ் லென்ஸ் போடு, எதிரே போனால் மைனஸ் போடு, அசைவே இல்லாமல் கண்மணி முழுவதும் ஒரே சமயத்தில் பளிச்சென்று நிறைந்தால் நிறுத்து. பரிசோதிப்பவர் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்காக, வழக்கமாக 67 சென்டிமீட்டருக்கு ஒன்றரை டயாப்டர், கழித்துக்கொள். முடிந்தது. கைக்குள் அடங்கும் ஒரு விளக்கு, ஒரு பெட்டி லென்ஸ்.

அடையாறில் இருக்கும் என் பேத்திக்கு மூன்று வயதில் இப்படித்தான் பார்த்தார்கள். குழந்தைகளின் கண் லென்ஸ் வளைந்து கொடுத்து அளவை ஏமாற்றிவிடும் என்பதால் முதலில் சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்தார்கள். பிறகு அந்தப் பெண், ஆப்டோமெட்ரி படித்தவள், ஒரு பொம்மையைக் காட்டிக்கொண்டே விளக்கை அசைத்தாள். குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நிமிடத்தில் எண்ணை எழுதிவிட்டாள். எங்கள் காலத்தில் கண்ணாடிக் கடையில் இருந்து கற்றுக்கொண்டவர்கள்தான் அநேகம். 1978-ல் சங்கர நேத்ராலயா வந்து, 1985-ல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி தொடங்கிய பிறகு, இது சென்னையில் ஒரு பட்டப் படிப்பு. இப்போது நாம் மோவாயை வைத்து உள்ளே பார்த்தால் ஒரு சாலையும் கோடியில் ஒரு பலூனும் தெரிகிறதே, அந்த மெஷினும் கேட்காமல் அளக்கும் ஜாதிதான். பலூன் மங்கி மங்கித் தெளிவது, நம் கண்ணைத் தூரத்தில் இளைப்பாற வைக்கச் செய்யும் தந்திரம்.

அடுத்தது கார்னியாவின் வளைவு. கண்ணைத் தொடாமல் வளைவை எப்படி அளப்பது? ஸ்பூனின் பின்பக்கத்தில் முகம் பார்த்திருப்பீர்கள். வளைவு அதிகமானால் உருவம் சிறிதாகும். கார்னியாவும் அப்படி ஒரு குவி ஆடி. அதில் தெரியும் பிம்பத்தின் அளவைப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-களிலேயே இதற்குக் கருவி செய்தார். ஆனால் அது ஆய்வுக்கூடத்து மேசையை விட்டு இறங்கவில்லை. அதை மருத்துவர் அறைக்குக் கொண்டுவந்தவர்கள் பாரீஸில் இருந்த லூயி எமில் ஜவாலும் நார்வேக்காரர் ஷியோட்ஸும். ஆண்டு 1881. கண்ணில் இரண்டு சின்ன உருவங்கள் பிரதிபலிக்கும்: ஒன்று செவ்வகம், இன்னொன்று படிக்கட்டு. இரண்டும் தொடும்படி நகர்த்தினால் எண் கிடைத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று எத்தனை படி ஏறுகிறதோ அத்தனை டயாப்டர் சாய்பார்வை. கணக்கு சுலபம்: 337.5-ஐ வளைவின் ஆரத்தால், மில்லிமீட்டரில், வகுத்தால் கார்னியாவின் பவர். என் வலது கண்ணுக்கு ஆரம் 7.76, பவர் 43.5.

இந்த ஜவாலுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? கிளாக்கோமா. ஊர் முழுக்கக் கண்களை அளந்தவருக்கு, 1900 வாக்கில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவர் மூலையில் உட்காரவில்லை. புதிதாகப் பார்வை இழந்தவர்கள் எப்படி நடப்பது, எழுதுவது, நாளைக் கழிப்பது என்று ஒரு புத்தகம் எழுதி 1903-ல் வெளியிட்டார். 1907-ல் காலமானார். அவர் கருவியின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஒவ்வொரு கண் ஆஸ்பத்திரியிலும் இருக்கின்றன.

இனி நீளத்துக்கு வருகிறேன். இதில்தான் என் அத்தை வருகிறார்.

அத்தை மயிலாப்பூரில் எங்களோடு இருந்தார். கிட்டப்பார்வை என்றால் சாதாரணக் கிட்டப்பார்வை இல்லை, மைனஸ் இருபதுக்குப் பக்கம். அரிசியில் கல் பொறுக்கும்போது முறம் மூக்கில் இடிக்கும். எழுபதுகளில் ஒரு முகாமில் அவருக்குப் புரை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் உள்ளே லென்ஸ் வைப்பது இங்கே வழக்கத்தில் இல்லை. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு வெளியே பிளஸ் பத்து கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். சோடாபுட்டி என்று கேலி செய்வோமே, அதுதான். அத்தைக்கும் ஒன்று வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா ஒண்ணும் தெரியல, கழட்டினா கோபுரம் தெரியுதுடா" என்றார். வீட்டில் யாரும் நம்பவில்லை. கொடுத்த கண்ணாடியைப் போடாமல் அடம் பிடிக்கிறார் என்று திட்டுதான் கிடைத்தது. நான் எழும்பூர் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1819-ல் தொடங்கியது, உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே ஒரு டாக்டர் அந்த விளக்கை அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா சொல்றது சரி. இவங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்."

பிற்பாடு எனக்கே கணக்குப் புரிந்தது. லென்ஸை எடுத்துவிட்டால் கார்னியாவின் 43 டயாப்டர் மட்டும்தான் மிச்சம். அது ஒளியைச் சுமார் 31 மில்லிமீட்டர் பின்னால் குவிக்கும். சாதாரண நீளமுள்ள கண்ணுக்கு அது விழித்திரையைத் தாண்டி எங்கோ விழும். அதனால்தான் பிளஸ் பத்து தேவை. அத்தையின் கண் அவ்வளவு நீளம், ஏறக்குறைய 31. ஆயுள் முழுக்க அவரைக் குருடி என்று கூப்பிட வைத்த அந்த நீளமே கடைசியில் அவருக்குப் பொருந்திப் போயிற்று. அவர் இறக்கும்வரை, பால்கனியில் நின்று கபாலீஸ்வரர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிளஸ் பத்து டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

வெளியே போடும் கண்ணாடி என்றால் பெட்டியில் வைத்துவிடலாம். உள்ளே வைத்த லென்ஸை அப்படிக் கழற்ற முடியாது. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைத்தபோது அது உள்ளே இருந்தது, ஆனால் பவர் பயங்கரமாகத் தப்பியது. நோயாளிக்குப் பதினைந்து டயாப்டருக்கும் மேலான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. பிறகுதான் நீளத்தை அளக்கும் அவசியம் உறைத்தது. முதலில் அல்ட்ராசவுண்ட். ஒரு பேனா மாதிரி கருவியைக் கார்னியாவில் வைத்து எதிரொலி திரும்பும் நேரத்தை அளப்பார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் அமுங்கி நீளம் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் பிழைக்கு சுமார் இரண்டரை டயாப்டர் தப்பும். 1999 வாக்கில் ஒளியாலேயே, தொடாமல், நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அளக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலாப் தொடங்கி, லென்ஸை இங்கேயே செய்து விலையைத் தரையிறக்கியிருந்தார்கள். லென்ஸும் வந்தது, அளவும் வந்தது. எல்லாருக்கும் ஒரே பிளஸ் பத்து என்ற காலம் போயிற்று.

என் வலது கண் 27.1 மில்லிமீட்டர். அத்தையின் வம்சம்தானே. சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூன்று அமெரிக்கர்கள் 1980-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: லென்ஸுக்கென்று ஒரு நிலையெண், அதிலிருந்து நீளத்தின் இரண்டரை மடங்கையும் கார்னியா பவரின் 0.9 மடங்கையும் கழி. நான் காத்திருக்கும் அறையில் ரிப்போர்ட்டின் பின்பக்கமே போட்டுப் பார்த்தேன். 118.4-ல் 67.75 போக, 39.15 போக, 11.5. மெஷின் 10 என்றது. டாக்டரிடம் காட்டினேன். "நீளமான கண்ணுக்குப் பழைய சூத்திரம் சரியா வராது சார். இப்போ உள்ளதெல்லாம் லென்ஸ் எவ்வளவு ஆழத்துல போய் உக்காரும்னும் கணக்குல எடுக்கும்" என்றார். சாதாரணக் கண்ணுக்கு வைப்பது இருபது, இருபத்தொன்று. எனக்கு அதில் பாதி.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "தூரத்துக்கு வைக்கட்டுமா, கிட்டத்துக்கு வைக்கட்டுமா?"

இத்தனை மெஷின்களும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கண்ணை அளந்து முடித்த பிறகு, இந்த ஒன்றுக்கு மட்டும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வைத்தால் தெருவும் பஸ் நம்பரும் கண்ணாடி இல்லாமல் தெரியும். படிக்கக் கண்ணாடி வேண்டும். பதிமூன்று வைத்தால் மைனஸ் இரண்டரை மிச்சம் நிற்கும்; நாற்பது சென்டிமீட்டரில் புத்தகம் கண்ணாடி இல்லாமல் தெரியும், தெருவுக்குக் கண்ணாடி வேண்டும். முக்கால்வாசிப் பேர் தூரத்தைத்தான் கேட்பார்களாம். நியாயம்தான். எனக்கு அப்படி இல்லை. எட்டு வயதிலிருந்து, கண்ணாடியைக் கழற்றினால் உலகம் மறைந்து பக்கம் மட்டும் இருக்கும். பள்ளியில் பொடி எழுத்து லாரூஸ் அகராதியை அப்படித்தான் படித்தேன். ராஜாஜி பவனில் பழைய ஃபைல்களின் மங்கிய கார்பன் காப்பிகளை, மற்றவர்கள் ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு ஓடும்போது, நான் கண்ணாடியைக் கழற்றி நாற்காலியிலேயே படித்துவிடுவேன். கிட்டப்பார்வைக்காரனுக்குக் கிடைத்த ஒரே சொத்து அது. எழுபது வயதுக்கு மேல் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏங்க, காலம்பற வாசல்ல நிக்கிறது பால்காரனா இல்ல உங்க தம்பியான்னு தெரிஞ்சுக்கக்கூட கண்ணாடி தேடுவீங்களா? இத்தனை வருஷம் தேடினது போதாதா?"

"தம்பின்னா குரல் கொடுப்பான்."

"எழுவது வருஷமா பாக்காததைப் பாக்கலாம்னு டாக்டரே சொல்றாரு. நீங்க மறுபடி புத்தகத்துக்குள்ளேயே போறீங்க."

அவள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். படிவத்தில் 'கிட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அளந்தார்கள். மைனஸ் 2.25. குறி வைத்ததற்குக் கால் டயாப்டர் வித்தியாசம். அறுபது டயாப்டர் கண்ணில் கால் டயாப்டர்! நான் பார்த்த எந்த பட்ஜெட்டும் இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. இப்போது 44 சென்டிமீட்டரில் பக்கம் நிற்கிறது. கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறேன். மூக்கில் புத்தகம் இடிப்பதில்லை. நிறங்கள் வேறு மாறிவிட்டன. வெள்ளை என்று நான் நினைத்திருந்த சுவர் சந்தன நிறமாம்.

இடது கண் அடுத்த மாதம். அதில் புரை முற்றி, ஒளிக் கருவி இரண்டு முறை முயன்றும் உள்ளே போக முடியாமல் எண் கொடுக்கவில்லை. பழைய அல்ட்ராசவுண்ட் பேனாவால்தான் அளக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் அழுத்தாமல் மெதுவாக வைத்து, பத்து முறை எடுத்து, ஒத்துவராத இரண்டை அடித்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டாள். 26.9. இந்தக் கண்ணுக்குத் தூரமா கிட்டமா என்பதை வீட்டில் முடிவு செய்துகொள்ளலாம் என்று அவளிடமே விட்டுவிட்டேன். "தூரம்" என்று அன்றே டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம் தாங்குமா என்று ஒரு வாரம் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.